கொங்குநாடு எத்திணை?

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அவற்றினின்று தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என அடைவுபடுத்தி, மக்கள் ஒழுக்கத்தை உரிப்பொருளாகக் கொண்ட தொல்காப்பியர் கோட்பாடு அறிஞர் அனைவரும் அறிந்ததொன்று. இக்கோட்பாட்டைக் கொண்டு ஒரு நாட்டின் வாழ்வை விளக்கப் புகுவோர், நிலம் எவ்வழியோ மக்களும் அவ்வழி என்று எளிதில் முடித்துவிடுகின்றனர். அங்ஙனம் முடித்தல் தொல்காப்பியர் கருத்தாகுமா என்பதையும், நிலத்தின் ஆற்றல் எதுவரை செல்லும், வரலாற்றின் ஆற்றல் எங்குத் தொடங்கும் என்பதையும் கொங்குநாட்டை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகட்கு முன்னர், முதுகலை வகுப்பில் அகத்திணையியல் நடந்துகொண்டிருந்தபோது, காங்கயத்திற்கு அணித்தான சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர், 'ஐயா, எங்கள் ஊர் எந்தத் திணை?' என்று வினவினார். முல்லை என உடனே விடை கூறினேன். அவர் அமையவில்லை. 'எங்கள் ஊரில் காடு என்று சொன்னால் உழுகின்ற நிலம்தானுங்க ஐயா; மழையை நம்பி இருக்கிறதுமில்லை; எல்லாம் கிணறுதான்' என்றார். அன்று நான் கூறிய விடை போதாது என்பது பின்னரே எனக்குப் புலனாயிற்று.

மலையும் வாயிலும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்னாட்டின் மேலைக் கரையோரம் ஒரு நெடுஞ்சுவர் போல நிற்பது. அச்சுவரில் உள்ள பெரிய திறப்பு ஒன்றே. அதுவே பாலைக்காட்டுக் கணவாய். வடபால் நீலமலையில் தொட்டபெட்டா 2637 மீட்டர் உயர்ந்து நிற்க, தென்பால் ஆனைமுடி 2695 மீட்டர் உயர்ந்து நிற்க, இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு நிலம் 300 மீட்டருக்கும் தாழ்ந்து கிடக்கின்றது. இத்திறப்பின் கீழைவாயிலில் அமைந்ததே கொங்குநாடு.

மலை மறைத்தமையால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மேலைச் சரிவிலேயே பொழிந்துவிடுகின்றது. பாலைக்காட்டுப் பகுதியில் ஆண்டிற்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்யக் கோவையில் 600 முதல் 700 மில்லிமீட்டரே பெய்கின்றது. கிழக்கே செல்லச் செல்ல, காங்கயம் தாராபுரம் பக்கங்களில், நிலம் மேலும் வறள்கின்றது. வடகிழக்குப் பருவமழையோ கடற்கரையைத் தாண்டி வருவதற்குள் வலுவிழந்துவிடுகின்றது. ஆக, இரு பருவமழைக்கும் கடைக்கோடியில் நிற்பது கொங்கு. கணவாய் வழியே மழை வாராவிடினும் காற்றுத் தடையின்றி வருகின்றது. ஆனி, ஆடித் திங்களில் பல்லடம், உடுமலைப் பக்கம் சென்றோர் அக்காற்றின் வன்மையை அறிவர். இற்றைநாளில் அங்கே வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம்.

மழை குறைந்த நாடாயினும் ஆறில்லாத நாடன்று. வானி எனப்பட்ட பவானி, காஞ்சி எனப்பட்டதாகக் கருதப்பெறும் நொய்யல், ஆன்பொருநையாகிய அமராவதி ஆகிய மூன்றும் மேலைமலையில் தோன்றிக் கிழக்கே ஓடிக் காவிரியிற் கலக்கின்றன. ஆயினும் இவை ஆழ்ந்த படுகையில் விரைந்து ஓடுவன. சோழநாட்டுக் காவிரியைப் போலப் பல கிளையாகப் பிரிந்து நாடெங்கும் பரவுவன அல்ல. ஆற்றோரத்துக் குறுகிய நிலத்தை விடுத்தால் எஞ்சிய மேட்டுநிலமனைத்தும் நீருக்கு ஏங்குவதே.

இனி, கொங்கின் எல்லையைக் கூறும் வழக்கினை நோக்குக. வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூராகிய பழனி, மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை என்பது மரபு. முதல் மூன்றும் மலையை ஒட்டியவை. குளித்தலையிலோ மலையில்லை, அங்கே காவிரி அகன்று நெல்வயல்கள் தொடங்குகின்றன. அதற்கு மேற்கே மதுக்கரையில் உள்ள செல்லாண்டியம்மன் கோயிலை மூவேந்தர் நாடுகளும் கூடும் எல்லை என மக்கள் இன்றும் கூறுகின்றனர். மூன்று எல்லையை இயற்கை வகுத்தது. நான்காவதை நீர்ப்பாய்ச்சல் முறையும் அரசர் போட்டியும் சேர்ந்து வகுத்தன என்பது என் கருத்து. நிலம் ஒன்றே ஒரு நாட்டை வகுத்துவிடுவதில்லை என்பதற்கு முதற்சான்று இது.

பெருவழி

வாயில் உள்ள இடத்தில் வழி உண்டாதல் இயல்பு. மேலைக்கடலின் முசிறியிலிருந்து கீழைக்கடலுக்குச் செல்லும் வணிகச் சாத்துகள் இக்கணவாயைக் கடந்தே கருவூரை அடைந்தன. உரோம நாணயங்கள் இந்தியாவில் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளுள் கோவை வட்டாரம் தலையாயது. வெள்ளலூரில் 1842இல் வெள்ளிக்காசுப் புதையல் வெளிப்பட்டது. கத்தாங்கண்ணி, பொள்ளாச்சி, கருவூர் முதலிய இடங்களிலும் காசுகள் கிடைத்துள்ளன. கோவைக்கு மேற்கே பாறையிற் பொறித்த இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, தமிழும் வட்டெழுத்துமாகிய இருவகை எழுத்திலும் அமைந்துள்ளது. கணவாய்க்கு அப்பாலும் இப்பாலும் உள்ளோர் இருவரும் படிக்கவேண்டும் என்ற கருத்தினாலேயே அங்ஙனம் பொறிக்கப்பெற்றது போலும். 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை இருப்புப்பாதை இட்ட ஆங்கிலேயரும் இக்கணவாயையே நாடினர்.

வழி மட்டும் இருந்திருப்பின் கொங்கு ஒரு கடந்துசெல்லும் இடமாகவே நின்றிருக்கும். வழியருகே நிலத்தில் மணியும் இரும்பும் இருந்தமையால் அது தங்கித் தொழில் செய்யும் இடமாயிற்று. படியூரில் பச்சைக்கல் வகை, சிவன்மலைப் பக்கம் நீலக்கல், அணித்தே படிகக்கல் எனப் பல கிடைத்தன. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாட்டுகளில் அணிகலனுக்குப் பேர்பெற்ற ஊராகக் கொடுமணம் சுட்டப்பெறுகின்றது. இவ்விரண்டிடத்தும் முத்துக்குப் பேர்பெற்ற பந்தர் உடன் கூறப்படுதல் கருதத்தக்கது. உள்நாட்டு மணியும் கடற்கரை முத்தும் ஒருவழியாற் பிணைக்கப்பட்டிருந்தன என்பதே அதன் குறிப்பு. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலே அக்கொடுமணம் என்பதை 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறரும் நடத்திய அகழாய்வுகள் உறுதிப்படுத்தின. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், மணி கோத்த தொழிற்கூடங்களும், எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐந்நூற்றுக்கு மேலும் அங்கே வெளிப்பட்டன. அவ்வோடுகளில் தமிழ்ப் பெயரோடு வடநாட்டுப் பாகதப் பெயர்கள் கலந்துள்ளன. வணிகக் குழுவைச் சுட்டும் 'நிகம' என்ற சொல்லும் உண்டு. இந்நாட்டிற் கிடையாத செம்மணிக்கல் பிறநாட்டிலிருந்து வந்து இங்கே மணியாகக் கடையப்பெற்றது. மணி தேடி மக்கள் வந்தனர் என்பது நிலத்தின் செயல். வந்தோர் பிறநாட்டுக் கல்லையும் இங்கே கொணர்ந்து கடைந்தனர் என்பதோ நிலத்தால் விளக்கத்தகாதது. தொழில்வன்மையும் வணிகர் கூட்டமும் ஆகிய வரலாற்றின் செயல் அது.

இவ்வழியே சமணமும் வந்தது. புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் மூன்று தலைமுறையினர் பெயர் தாங்கிய கல்வெட்டு, சமண முனிவர்க்கு அளித்த உறையுளைக் கூறுகின்றது. கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் அளித்த கொடையும் அம்மலையில் உண்டு. பிற்காலத்தே விசயமங்கலம் சமணர்க்குச் சிறந்த இருப்பிடமாயிற்று. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பர். நன்னூல் தந்த பவணந்தியார் கொங்கின் சனகாபுரத்தினர். அவரைத் தாங்கியவனோ கோலார்ப் பக்கத்துக் கங்கர் குடியினனாகிய சீயகங்கன். சிலப்பதிகாரத்திற்கு விரிவுரை கண்ட அடியார்க்குநல்லாரும் கொங்கரே. நெல்விளையும் சோழநாடும் பாண்டிநாடும் கோயிலும் பதிகமும் வளர்த்திருந்த காலத்தில், வறண்ட கொங்கு இலக்கணமும் கதைநூலும் உரையும் வளர்த்தது என்பதைப் பலரும் வியப்பர். எனக்கு இது வியப்பன்று. பலமொழியாளர் வந்துபோகும் வழியில் மொழியைப் பற்றிய எண்ணம் கூர்மை பெறுதல் இயல்பேயாகும். எனினும் இதனை முடிந்த முடிபாகக் கூற நான் துணியேன். பவணந்தியாரைக் கங்கர் அரசியலினின்று பிரித்துக் கொங்கின் மண்ணால் மட்டும் விளக்கிவிட இயலாது.

கிணறு

மாணவர் கிணற்றைக் கூறினார். அவர் கூற்றின் உண்மை பதிற்றுப்பத்தின் 22ஆம் பாட்டை மீண்டும் பயின்றபோது விளங்கிற்று. பாலைக் கௌதமனார் கொங்கரைப் பாடுமிடத்து, வன்னிலத்தைக் கருவியாற் குழித்துச் செய்த கிணற்றையும், அதில் ஊறும் சிறிதளவு நீரையும், கயிறு கட்டி முகக்கும் கலத்தையும், அந்நீரை நாடி மொய்க்கும் ஆநிரையையும் ஒருங்கே காட்டுகின்றார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கொங்கர்க்கு அடையாளமாகப் புலவர் கண்ணிற் பட்டவை ஆவும் கிணறும் என்பது இதனாற் பெறப்படும். முல்லைக்குரிய கருப்பொருளில் ஆநிரை உண்டு. பாறை குழித்த கிணறோ நிலம் தானே தருவதன்று. மாந்தர் நிலத்தின் மீது செய்த வினை.

ஆவும் கிணறும் ஆகிய இவ்விரண்டுமே கொங்கு வாழ்வின் அச்சாணி. முதலில் ஆவினை நோக்குவோம். காங்கயத்தைச் சூழ்ந்த நாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல்நிலம் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் வளர்ந்த தனியார் நிலம் அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. ஒரு பட்டியில் புல் தீர்ந்தபின் மாட்டை அடுத்த பட்டிக்கு மாற்றுவர். வேலனின் காய் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாகும். ஊர்ப்பொதுவான மந்தையைக் கொண்ட பிற நாடுகளைப் போலன்றி, இங்கே மேய்ச்சல்நிலமே வேலியிட்ட உடைமையாயிற்று. காங்கயக் காளையின் திண்மை இப்புல்லில் வளர்ந்தது. அதன் குடிமை பாளையக்கோட்டைப் பட்டக்காரர் போன்ற குடியினர் தேர்ந்து வளர்த்ததனால் நிலைபெற்றது. மண்ணும் மனமும் சேர்ந்த விளைவென இதனைக் கூறலாம்.

அக்காளை கிணற்றை வாழ்வித்தது. கவலை இறைத்தலைக் கண்டோர் இன்று சிலரே ஆதலின் சிறிது விரித்துக் கூறுவது மிகையாகாது. கிணற்றின் கரையிலிருந்து சரிந்து செல்லும் வாரியில் இரு காளைகள் இறங்க, உருளையின் மேலோடும் வடம் சாலைத் தூக்கும். சாலின் அடியில் தைத்த தோல் தும்பி கரையேறியதும் நீரை வாய்க்காலிற் சொரியும். காளைகள் பின்னோக்கி ஏற, சால் மீண்டும் இறங்கும். விடியுமுன் தொடங்கி வெயிலேறும் வரை இறைத்தாலும் நனையும் நிலம் சிறிதே. ஆகவே நீரருகில் இருத்தல் இன்றியமையாததாயிற்று. தஞ்சை வயலுக்கு ஊர் நடுவில் இருந்துகொண்டே சென்று வரலாம். கொங்கின் தோட்டத்தைக் கிணற்றருகே குடியிருந்தே காக்கவேண்டும். கொங்கு உழவர் ஊர்நத்தத்தில் நெருங்கி வாழாது, தத்தம் தோட்டத்துச் சாளையில் தனித்து வாழும் வழக்கம் இதனால் நேர்ந்தது. காணியுரிமை, கூட்டம் என்னும் குடிப்பிரிவு, குலதெய்வக் கோயில் ஆகியவற்றிற்குக் கொங்கர் தரும் பெருமதிப்பையும் இதனோடு இயைத்து நோக்குதல் வேண்டும். அகன்று வாழ்வோரைச் சேர்த்துக் கட்டும் கயிறு அவையே.

இவ்வளவும் கூறிய பின்னர் ஒன்றை மறைத்தல் முறையன்று. சாலும் தும்பியும் தோலால் ஆனவை. அவற்றைத் தைத்தும் செப்பனிட்டும் தந்தவர் மாதாரிகள் எனப்பெறும் அருந்ததியர். அவருள் பெரும்பாலார் இல்லத்தில் தெலுங்கு பேசுவோர். விசயநகர, நாயக்கர் காலக் குடிப்பெயர்ச்சியில் வந்தோர் எனக் கருதப்படுபவர். கிணறு இன்றேல் தோட்டம் இல்லை. தோல் இன்றேல் கிணற்றுநீர் மேலேறுவதில்லை. எனினும் இறைத்த நீரில் விளைந்த நிலத்தில் அவர்க்கு உரிமை இருந்ததில்லை. அக்கிணற்றில் இறங்கவும் அவர் தடுக்கப்பெற்றனர். இந்நிலையை நிலத்தின் வறட்சி உண்டாக்கவில்லை. நிலம் தோலை வேண்டிற்று, தோல் தைத்தவரைத் தாழ்த்தியது மாந்தரே. நம் வட்டார ஆய்வுகள் காணியாளர் குடிவரலாற்றை விரித்த அளவிற்கு இதனை விரிக்காமை ஒரு பெருங்குறை. 1932இல் பைக்காராவின் நீர்மின்சாரம் வந்து, படிப்படியே மின்னிறைப்பி கவலையின் இடத்தைப் பிடித்தபோது, தோலுக்கு இருந்த தேவையும் ஒழிந்தது. அத்தொழிலை நம்பியிருந்தோர் நிலையை அந்நாளில் எண்ணிப் பார்த்தவர் எத்துணையர்?

உழுவோர்க்கும் வேட்டுவர்க்கும் நேர்ந்த போரைக் கூறும் அண்ணன்மார் கதையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. பிரெண்டா பெக் 1960களில் திரட்டி ஆராய்ந்து வெளிக்கொணர்ந்த அக்கதையை, குறிஞ்சியும் முல்லையுமாகிய காட்டை விளைநிலமாக்கியோர் தம் வெற்றியைப் பாடிக்கொண்ட வரலாறாகக் கொள்ளலாம். பாடியோர் வென்றோர் பக்கம் நின்று பாடினும் வேட்டுவர் தோற்ற சுவடு கதையில் மறையவில்லை. 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள், நிலத்திற் பங்கு கேட்கும் கைம்பெண்ணை நடுவில் நிறுத்துகின்றது. நீருள்ள நிலம் அரிதாகிய நாட்டில் பங்கு என்னும் சொல் எத்துணைக் கூர்மையுடையது என்பதை அப்புதினம் காட்டுமளவிற்கு ஆய்வு நூல்கள் காட்டவில்லை.

நிலத்தை மாற்றிய வினைகள்

கொங்கின் நிலத்தையே மாற்ற முற்பட்ட வினைகள் பல. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானியை மறித்துக் கொடுமுடி வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினான். நிலத்தின் வாட்டத்திற்கேற்ப வளைந்து வளைந்து செல்லும் அவ்வாய்க்கால் கரையில் நெல்லும் மஞ்சளும் விளைந்து ஒரு மருதம் புதிதாய்த் தோன்றிற்று. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த கீழ்பவானி அணை பின்னும் விரிந்த மேட்டுநிலத்திற்கு நீர் தந்தது. பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டமோ மேற்கே ஓடும் ஆற்றுநீரையே மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிற்று. கரிசலில் பருத்தி விளைவிப்பதில் கைதேர்ந்த தெலுங்கு மொழியாளரும், நெசவில் தேர்ந்த தேவாங்கரும் முன்னரே வந்து குடியேறியிருந்தனர். பருத்தியும் நெசவும் இருந்த நாட்டில் 1888இல் கோவையின் முதல் நூற்பாலை எழுந்தது. பைக்காரா மின்சாரத்திற்குப் பின் ஆலைகள் பெருகின. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. மழை குறைந்தமையால் கொங்கு தொழில்நாடாயிற்று என்பாரும் உளர். அஃது அரையுண்மையே. கொங்கை ஒத்த வறட்சியுடைய பிற வட்டாரங்கள் பல தொழில்நாடாகவில்லை. வறட்சி நெருக்கிற்று, கணவாயும் பருத்தியும் மின்சாரமும் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த முதலும் வழிதிறந்தன.

இவ்விடத்துத் தொல்காப்பியரிடம் மீள்வோம். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வரினும், வந்த நிலத்திற்கு உரியவாகக் கொள்ளலாம் என அவர் இடம் தந்துள்ளார். திணைகள் மயங்குதலையும் விலக்கவில்லை. பாலைக்கு அவர் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் எனக் காடுகாண் காதையில் இளங்கோவடிகள் கூறுவதும் அம்மரபைத் தழுவியதே. நிலம் மாறும், பொருள் குடிபெயரும் என்பதை ஏற்ற இலக்கணம் இது. இதனை நிலமே அனைத்தையும் முடிவு செய்யும் என்ற கொள்கையாகச் சுருக்கியவர் பிற்காலத்து ஆராய்ச்சியாளரே. முதற்பொருள் என்பதில் உள்ள 'முதல்' என்ற சொல் தொடக்கத்தைக் குறிப்பதே. அதனை முடிவாகக் கொண்டது நம் பிழை.

முல்லை பாலையாவதற்குக் கதிரவன் வெம்மையைக் காரணமாக நூல்கள் கூறின. நொய்யற்கரை வேறொரு காரணத்தைக் காட்டுகின்றது. கொடுமணலுக்கு அணித்தே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பெற்ற அணை 1992இல் முடிவுற்றது. பாசனத்திற்கென எழுப்பிய அவ்வணையில் சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு தேங்கிற்று. கீழ்நிலத்து உழவர் அந்நீர் வேண்டா என மறுத்து வழக்குத் தொடுத்தனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பின்னர்க் கழிவைத் தூய்மை செய்து மீளப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு அவை மெல்ல மெல்லத் திறக்கப்பெற்றன. மணி கடைந்தோர் நீர் முகந்த அதே ஆற்றின் கரையில், மழை குறையாமலே ஒரு பாலை பிறந்தது.

அன்று வினவிய மாணவர் இப்போது கல்லூரி ஒன்றில் ஆசிரியராக உள்ளார். அண்மையில் அவர் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். கவலை ஓடிய வாரி புல்மண்டிக் கிடந்தது. அருகே ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிய ஆழ்துளைக் கிணறு. அதன் நீரைக் கையில் ஏந்திச் சுவைத்து, 'உப்புத்தானுங்க ஐயா, தென்னைக்கு மட்டும் பாயும்' என்றார். கொறங்காட்டில் இரண்டு பட்டியை இன்னும் உழாமல் வைத்திருக்கின்றார். அவற்றில் ஒன்றில் நான்கு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.